பாலம் வருது... ஆறு எந்தப் பக்கம் ஓடும்?

நெடுந்தூரக் கார் பயணத்தில் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தரும் விளையாட்டுகள் பெரும்பாலும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. சிவப்பு கார் எத்தனை, லாரி எத்தனை, கோபுரம் எத்தனை? செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் சலித்துவிடும். அப்புறம் சண்டை வரும், சண்டையை அடக்கச் செல்போன் கைமாறும். சென்னையிலிருந்து நாகர்கோவில் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். மிச்சமுள்ள தூரம் முழுக்கக் குனிந்த தலைதான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிடுகிறோம். சிவப்பு கார் நாற்பது என்று தெரிந்துகொண்டால் அதை வைத்து மேற்கொண்டு எதுவும் யோசிக்க முடியாது என்பதைப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள் என்பதே உண்மை. கவனிக்கும் விளையாட்டு பத்து மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் அதில் ஒரு கணிப்பு இருக்க வேண்டும். அந்தக் கணிப்பு சரியா தப்பா என்பதைக் கொஞ்ச நேரத்தில் சாலையே சொல்லிவிடவும் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த விளையாட்டுகள் நம் ஊர்ச் சாலைகளில் நிறையவே கிடக்கின்றன.

ஆற்றுப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலைப் பாலங்களின் முகப்பில் பெரும்பாலும் ஆற்றின் பெயர்ப் பலகை இருக்கும். பலகை கண்ணில் பட்டதும் ஒரே கேள்வி: தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடும்? தெற்கு நோக்கிப் போகும்போது முதலில் வரும் பாலாற்றில் எல்லோரும் குருட்டாம்போக்கில்தான் சொல்வார்கள். ஆறு வறண்டு கிடந்தால் தீர்ப்பு அடுத்த பாலத்துக்குத் தள்ளிப்போகும். தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, மதுரையில் வைகை என்று வரிசையாக வரும்போது, தண்ணீர் இருக்கும் ஆறெல்லாம் வலப்பக்கமிருந்து இடப்பக்கமே ஓடுவதைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். பிடித்த பிறகுதான் விளையாட்டு சூடுபிடிக்கிறது. ஏன் எல்லா ஆறும் ஒரே பக்கம் போகிறது? மேற்கே மலை, கிழக்கே கடல், நாம் இரண்டுக்கும் நடுவே தெற்கே போய்க்கொண்டிருக்கிறோம். காலையில் வெயில் எந்தப் பக்கமிருந்து காருக்குள் விழுந்ததோ அந்தப் பக்கமாகத்தான் ஆறு போகும் என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளை தானாகச் சொல்லிவிட்டால், தமிழகத்தின் நில அமைப்பில் பாதி அதற்குப் புரிந்துவிட்டது. இதையே பாடப்புத்தகம் மேற்குத் தொடர்ச்சி மலை, வங்காள விரிகுடா, சரிவு என்ற சொற்களால் சொல்கிறது. அந்தச் சொற்கள் பொறுமையாகப் பின்னால் வரட்டும்.

திருச்சியில் இந்த விளையாட்டுக்கு ஒரு பெரிய விருந்தே காத்திருக்கிறது. வடக்கேயிருந்து வருபவர்கள் முதலில் கொள்ளிடத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கம் தீவைக் கடந்து, சில நிமிடங்களில் காவிரிக்கு வந்துவிடுகிறார்கள். பல மாதங்களில் கொள்ளிடம் மணலாகக் கிடக்கும், காவிரியில் தண்ணீர் ஓடும். அடுத்தடுத்த இரண்டு பாலங்கள். ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர். எதனால்? இரண்டும் ஒரே ஆற்றின் இரண்டு கைகள். முக்கொம்பில் ஆறு பிரிகிற இடத்தில் 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை பாசனத் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பிவிடுகிறது. வெள்ளம் மிஞ்சினால்தான் கொள்ளிடத்துக்குப் போகும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படுவதும் இந்தக் கணக்கில் சேரும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் காவிரியில் தண்ணீரை எதிர்பார்க்கலாம், மே மாத விடுமுறையில் போகிறவர்கள் இரண்டிலும் மணலைப் பார்க்க நேரலாம். ஆகவே பாலத்துக்கு ஐந்து கிலோமீட்டர் முன்பே பந்தயம் கட்டச் சொல்லுங்கள்: இந்த மாதத்தில் எந்த ஆற்றில் தண்ணீர் இருக்கும்? கட்டிய பந்தயத்துக்குக் காரணமும் சொல்ல வேண்டும் என்பது மட்டும் விதி.

ஒரு விதியைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டால் அதை உடைக்கிற இடத்துக்கும் ஒருநாள் அழைத்துப்போக வேண்டும். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆழியாறு மேற்கே திரும்பி, கேரளத்துக்குள் போய்ப் பாரதப்புழையில் சேர்கிறது. மலைத்தொடர் பாலக்காட்டருகே விட்டிருக்கும் இடைவெளிதான் அதற்கு வழி. குமரி மாவட்டத்தில் குழித்துறை ஆறு தேங்காப்பட்டினத்தில் அரபிக்கடலில் கலக்கிறது. 'எல்லா ஆறும் கிழக்கேதான் ஓடும்' என்று மூன்று பயணங்களாக உறுதியாய் நம்பிய பிள்ளை அங்கே திகைத்து நிற்கும். அறிவியல் என்று நாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர முயல்வது அந்தத் திகைப்பைத்தான் என்று நான் கருதுகிறேன்.

நெடுஞ்சாலை எண்களிலும் இப்படியொரு ஒழுங்கு இருப்பது பலருக்கும் தெரியாது. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் கொடுத்தபோது, வடக்கு தெற்காகப் போகும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண், கிழக்கு மேற்காகப் போவதற்கு ஒற்றைப்படை எண் என்று வகுத்தார்கள். இரட்டைப்படை கிழக்கிலிருந்து மேற்கே போகப் போகக் கூடும். ஒற்றைப்படை வடக்கிலிருந்து தெற்கே வர வரக் கூடும். மூன்று இலக்க எண் வந்தால் அது கிளைச் சாலை, கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையைச் சொல்லும். கிழக்குக் கரையோரம் நாகப்பட்டினம் போவது 32, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போவது 36, விழுப்புரத்திலிருந்து திருச்சி வழியாக மதுரைக்கு 38, அதற்கும் மேற்கே ஸ்ரீநகரிலிருந்து 3,700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவந்து கன்னியாகுமரியில் முடியும் 44. குறுக்குச் சாலைகள் இன்னும் சுவையானவை. திண்டிவனத்தில் வந்து சேர்வது 77, உளுந்தூர்பேட்டையில் 79. இந்த இரண்டையும் பார்த்துவிட்ட பிள்ளையிடம் 'திருச்சியில் என்ன எண் வரும்?' என்று கேட்டுப் பாருங்கள். 81 என்று சொல்லி, திருச்சியில் பலகையில் 81-ஐப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைக்கு வரும் பெருமிதத்துக்கு எந்த செல்போன் விளையாட்டும் ஈடாகாது. அங்கேயே 83-ம் இருக்கிறது, மதுரையில் 85, ராமேஸ்வரத்துக்குப் போவது 87. சென்னையிலிருந்து பெங்களூரு போகும் 48 இந்த ஒழுங்குக்கு அடங்காததுபோலத் தோன்றும். அது டெல்லியில் கிளம்பி மும்பை வழியாகச் சுற்றிவருகிற சாலை என்று வரைபடத்தில் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். பழைய 45-ஐயும் 7-ஐயும் இன்னும் விடாத கடைப் பலகைகளைத் தேடுவது தனி விளையாட்டு.

மைல்கல்லும் சும்மா நிற்கவில்லை. தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கிலோமீட்டர் கல்வரை எத்தனை விநாடி என்று எண்ணி, 3,600-ஐ அந்த எண்ணால் வகுத்தால் காரின் வேகம் வந்துவிடும். 60 விநாடி என்றால் மணிக்கு 60 கிலோமீட்டர், 45 என்றால் 80, 36 என்றால் 100. பின்னால் உட்கார்ந்தபடியே பிள்ளைகள் வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்ல, முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர் வேகமானியின் முள்ளைப் பார்த்துச் சரிபார்க்கலாம். இங்கே எண்ணிக்கை ஒரு கேள்விக்கு வேலை செய்கிறது. நான் எண்ணிக்கைக்கு எதிரி இல்லை, எண்ணிவிட்டு அப்படியே விட்டுவிடுவதற்குத்தான் எதிரி.

வண்டி எண் விளையாட்டைப் பல குடும்பங்கள் ஏற்கெனவே ஆடுகின்றன, பெரும்பாலும் கூட்டுத்தொகை போடுவதற்காக. அதைவிட நல்ல பயன் அந்த எண்ணுக்கு உண்டு. டி.என். 37, 38 கோவை, 45 திருச்சி, 49 தஞ்சாவூர், 58, 59 மதுரை, 69 தூத்துக்குடி, 72 திருநெல்வேலி, 74 நாகர்கோவில். எண்கள் ஏற ஏற ஏறக்குறையத் தெற்கே இறங்குகிறோம் என்பது முதல் கண்டுபிடிப்பு. தீபாவளிக்கு முந்தைய நாள் தெற்கே போகும் வண்டிகளில் சென்னை எண்கள் குவிந்திருப்பதும், பண்டிகை முடிந்ததும் அதே எண்கள் எதிர்ப்பக்கம் திரும்புவதும் இரண்டாவது. ஒரு நகரம் எத்தனை ஊர்களின் பிள்ளைகளால் நிரம்பியிருக்கிறது என்பதைச் சாலையே காட்டிவிடும். பலகையின் நிறமும் பேசும்: வெள்ளை சொந்த வண்டி, மஞ்சள் வாடகை வண்டி, பச்சை மின்சார வண்டி, கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால் தானே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு எடுத்தது. லாரிகளில் 28, 34, 88 என்று நாமக்கல், திருச்செங்கோடு எண்கள் ஏன் இத்தனை என்று கேட்டால், எரிவாயு டேங்கர்களிலும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளிலும் இந்தியா முழுக்கப் போகிற ஒரு வட்டாரத்தின் தொழில் கதை திறக்கும். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கையைப் பிள்ளைக்கும் சொல்லிவிட வேண்டும். எண் காட்டுவது வண்டி பதிவான இடத்தை மட்டும்தான். திருநெல்வேலி எண்ணோடு போகும் கார் கைமாறி இப்போது வேலூர்க்காரருடையதாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்ற சொல்லைப் பத்து வயதில் பழகிக்கொள்வது சின்ன விஷயமில்லை. செல்போனில் வரும் வதந்தியை வீட்டுப் பெரியவர்களே உண்மையென்று நம்பி அனுப்பும் காலம் இது.

எண்ணிக்கையோடு நிற்பது ஏன் போதாது என்பதற்கு உளவியலிலும் சான்று உண்டு. 1999-இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு காணொளியைப் போட்டுக் காட்டினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் நிதானமாக நடந்து போனார். எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அவரைப் பார்க்கவே இல்லை. சிவப்பு காரை எண்ணும் பிள்ளைக்கும் இதுவே நடக்கும். மதுரை ஒத்தக்கடையில் சாலையோரம் ஆனைமலை யானைபோலவே படுத்திருக்கும், அது பந்தயத்தில் இல்லாததால் கண்ணில் படாது. ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொடுப்பதுதான் இதற்கு வழி. ஒருவர் மரம், ஒருவர் மண்ணும் பயிரும், ஒருவர் கடைகளும் லாரிச் சரக்கும், ஒருவர் நீர்நிலை. அடுத்த டீக்கடையில் நால்வரும் கண்டதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல பக்கமும் கவனத்தை வைத்திருப்பதைக் கலையாகவே வளர்த்த மரபு நமக்கு உண்டு. அவதானிகள் ஒரு பக்கம் வெண்பா பாடிக்கொண்டே, மறுபக்கம் முதுகில் விழும் கற்களையும் மணியோசையையும் கணக்கில் வைத்திருப்பார்கள். கோட்டாற்றின் செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு கவனங்களை ஒரே அவையில் நடத்திச் சதாவதானி ஆனார். தனி மனிதர் ஒருவர் தம் மனத்தில் செய்து காட்டியதை ஒரு குடும்பம் நான்கு பேருக்குப் பகிர்ந்து செய்யலாம்.

அப்படிச் சேர்த்துப் பார்க்கிற விளையாட்டுக்கு ஊர்க்கணிப்பு என்று பெயர் வைக்கலாம். அடுத்து வரும் ஊரில் பிழைப்பு என்ன? மதுரைக்குத் தெற்கே விருதுநகரைத் தாண்டிக் கோவில்பட்டி நெருங்க நெருங்க மண் கறுக்கிறது. கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண், ஆகவே மானாவாரிப் பருத்தியும் சோளமும் பயறும் தாங்கும். மழை குறைந்த, காய்ந்த காற்று. அந்தக் காற்றில் எந்தத் தொழில் நடக்கும்? தீப்பெட்டியும் பட்டாசும் ஈரத்தைத் தாங்காதவை, ஆகவே சிவகாசியும் சாத்தூரும் கோவில்பட்டியும் அந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டன. இன்னும் தெற்கே ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் காடுபோல நிற்கின்றன. அவை எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன என்று பாருங்கள். காற்று வரும் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும் எந்திரம் அது. தென்மேற்குப் பருவக்காற்று நாளில் மேற்கே மலையில் ஓர் இடைவெளி இருப்பதை அவற்றின் முகமே காட்டிக்கொடுக்கும். தாத்தா பாட்டி காரில் இருந்தால் இந்த ஆட்டத்தில் அவர்கள்தான் ராஜாக்கள். தூரத்தில் நிற்பது எள்ளா உளுந்தா என்று அப்பா அம்மாவால் சொல்ல முடியாதபோது பாட்டி சொல்லிவிடுவார். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் என்று கருப்பொருள் வகுத்திருக்கிறது. ஒன்றைக் கண்டால் மற்றதை ஊகிக்கலாம் என்ற அந்தச் சிந்தனையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற பிள்ளை, கார் ஜன்னலில் அதைப் பயன்படுத்தியே பார்க்கலாம். ஐந்து மணி நேரத்தில் நெல்வயலும் கரிசலும் பனங்காடும் மலையடிவாரமும் கடந்துபோகிற நாடு நம்முடையது.

இனி மறுப்புகள். நாற்கர சாலை வந்த பிறகு பார்க்க என்ன இருக்கிறது, எல்லா ஊரையும் புறவழிச்சாலையில் ஒதுக்கிவிட்டுத்தானே போகிறோம் என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை உண்டு. வெள்ளையும் கறுப்பும் பூசி, எண் போட்டு, காய்ப்பை ஏலம் விட்டுவந்த சாலையோரப் புளியமரங்களை நாம் வெட்டிவிட்டோம். ஊர் நடுவே கடந்துபோன கடைத்தெரு போய்விட்டது. ஆனால் அந்தப் புதுச் சாலையிலும் கேள்விகள் முளைக்கின்றன. நடுத்திட்டில் இத்தனை அரளி ஏன்? வறட்சியைத் தாங்கும், ஆடு மாடு கடிக்காது, இரவில் எதிர் வண்டியின் முகவிளக்கைக் கண்ணில் படாமல் மறைக்கும். மூன்று காரணங்களில் ஒன்றையாவது பிள்ளை சொல்லிவிடும். புறவழிச்சாலையே அலுத்துப்போனால் பத்து கிலோமீட்டர் ஊருக்குள் இறங்கிப் பழைய சாலையில் போய் ஏறுவதற்கு அரை மணி நேரம்தான் ஆகும். மிச்சமிருக்கும் புளியமரங்களை அங்கே பார்க்கலாம்.

விடுமுறையிலும் பாடம் நடத்த வேண்டுமா என்பது இரண்டாவது மறுப்பு, எனக்கு மிக நியாயமாகப் படுவதும் இதுதான். அப்பாவுக்கு விடை தெரிந்த கேள்வியை அப்பா கேட்டால் அது பரீட்சை. பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும். அதனால் கேட்பவருக்கும் விடை தெரியாத கேள்விகளையே கேட்பது நல்லது. அடுத்த ஆற்றில் இன்று தண்ணீர் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அம்மாவின் ஊகம் தப்பி, ஆறு வயதுத் தம்பியின் ஊகம் பலித்தால் அந்தக் காருக்குள் வீட்டின் வழக்கமான அடுக்கு சற்று நேரம் கலைந்துபோகிறது. மதிப்பெண், பரிசு, தோற்றவருக்குத் தண்டனை எதுவும் வேண்டாம். சும்மா வெளியே வெறித்துப் பார்க்க விரும்பும் பிள்ளையை அப்படியே விட்டுவிடவும் வேண்டும். நாலைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆடு மாட்டை எண்ணுவதே போதுமானது, அந்த வயதில் எண்ணுவதே கணிப்புதான்.

செல்போனையே தடைசெய்யச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதைப் பெற்றோர் அறிவார்கள். எனக்கு அதைவிட உடனடியான காரணம் ஒன்று இருக்கிறது: வாந்தி. ஓடும் காரில் உள்காது அசைவை உணர்கிறது, திரையில் பதிந்த கண் அசைவில்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டலைக் கிளப்புகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை இது அதிகம். தூரத்துத் தொடுவானத்தைப் பார்ப்பது மருத்துவர்கள் சொல்லும் எளிய வழி. மலையையும் காற்றாலையையும் தேடுகிற பிள்ளை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. டீக்கடையில் நிறுத்தியதும் அதே செல்போனை எடுத்து, வழியில் தீராத ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். ஒன்று போதும்.

ஓட்டுநரின் கவனம் சிதறாதா என்ற கேள்விக்குப் பதில் கண்டிப்பானது: ஓட்டுபவர் ஆட்டத்தில் இல்லை. காரில் உள்ளவரோடு பேசுவது, செல்போனில் பேசுவதைவிட ஓட்டுநரைக் குறைவாகவே குலைக்கிறது என்று 2008-இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. காரில் இருப்பவர் நெரிசலைத் தாமும் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொள்வதே காரணம். ஆனால் பின்னாலிருந்து 'அப்பா, அங்கே பாருங்கப்பா!' என்று ஒரு கூச்சல் எழுந்தால் தலை தானாகத் திரும்பிவிடும். அந்தச் சொற்றொடரை மட்டும் தடைசெய்துவிடுங்கள். ஜன்னல் வழியாகத் தலையோ கையோ வெளியே நீளக் கூடாது. 14 வயதுக்குக் குறைந்தவர்களும் பெல்ட் போட்டோ, குழந்தை இருக்கையிலோதான் அமர வேண்டும் என்று 2019-இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. விளையாட்டுக்காக யாரும் பெல்ட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான யோசனை இது என்று நினைத்துவிட வேண்டாம். நம் குடும்பங்களில் பெரும்பாலானவை ஊருக்குப் பேருந்திலும் ரயிலிலும்தான் போகின்றன. பேருந்து ஜன்னல் உயரத்தில் இருப்பதால் வயல்கள் காரைவிட நன்றாகவே தெரியும். பேருந்தானாலும் காரானாலும் உண்மையான தகராறு ஜன்னலோர இருக்கைக்குத்தான். காரில் நடுவில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு இரு பக்கமும் மறைந்திருக்கும், ஆனால் முன் கண்ணாடி அதற்கு மட்டும் நேராகத் தெரியும். ஆகவே பாலத்தின் பெயர்ப் பலகை, நெடுஞ்சாலை எண், வருகிற ஊர், எதிரே எழும் மலை இவற்றையெல்லாம் முதலில் பார்த்து அறிவிக்கிற பதவியை நடு இருக்கைக்காரருக்கே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு டீ நிறுத்தத்திலும் இடம் மாறிக்கொள்ளட்டும். இரண்டாவது நிறுத்தத்துக்குப் பிறகு நடு இருக்கைக்கும் போட்டி வந்துவிடும்.